நூறு சதவீத உழைப்பு

எட்டுக் கணினிகளும் இரவு முழுவதும் உழைத்திருந்தன. விடை மட்டும் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் நிரல் என் பொறுப்பு. தகட்டை எட்டுப் பட்டைகளாக வெட்டி, சாதாரண ஈதர்நெட் ஸ்விட்சில் இணைத்த எட்டுக் கணினிகளுக்குப் பங்கிட்டிருந்தேன். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பட்டையின் விளிம்பு வரிசைகளை, கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்கான தரநிலையான எம்பிஐ வழியாக அண்டைக் கணினிகளுக்குச் செய்தியாக அனுப்பியாக வேண்டும். எல்லாரும் முதலில் மேலும் கீழும் அனுப்பட்டும், பிறகு வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதிவைத்தேன்.

வரிசைக்கு 1,000 புள்ளிகள் வைத்துச் சோதித்தபோது சிக்கலே இல்லை. 10,000 ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எந்தக் கணினியைப் பார்த்தாலும் பிராசசர் பயன்பாடு 100 சதவீதம். பெருமையாகக்கூட இருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்தால் முதல் சுற்றே முடியவில்லை!

குழுவில் மூத்தவரான மேடம் ஓடும் நிரல் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜிடிபி என்ற கருவியை ஒவ்வொரு கணினியிலும் இணைத்துப் பார்த்தார். எட்டும் 'சென்ட்' கட்டளைக்குள்ளேயே நின்றிருந்தன.

"வாங்குகிற இடத்தில் ஒருவர்கூட இல்லை, கவனித்தீர்களா?" என்றார்.

சென்ட் முடிந்துவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தேன். 1994இல் வந்த எம்பிஐ தரநிலை அப்படி எந்த உறுதியும் தரவில்லை. செய்தியைத் தற்காலிகமாக எங்காவது எடுத்துவைத்துவிட்டு சென்ட் திரும்பலாம். எதிர்முனை வாங்கத் தொடங்கும்வரை காத்தும் கிடக்கலாம். அந்தத் தரநிலைப்படி எழுதப்பட்ட மென்பொருள்களில் நாங்கள் பயன்படுத்தியது ஓப்பன் எம்பிஐ. அது டிசிபி என்ற வழக்கமான நெட்வொர்க் இணைப்பில் ஏறத்தாழ 64 கிலோபைட் வரை கேட்காமலே தள்ளிவிடும். அதற்கு மேல் போனால் எதிர்முனையின் சம்மதம் வேண்டும். புள்ளிக்கு ஓர் எண், எண்ணுக்கு 8 பைட். 1,000 புள்ளிகளுக்கு 8,000 பைட், 10,000 புள்ளிகளுக்கு 80,000. எட்டுப் பேரும் சம்மதம் கேட்டு நிற்க, கொடுப்பதற்கு ஆளில்லை.

அப்படியானால் அந்த 100 சதவீதம்? காத்திருக்கும் நேரத்தில் ஓப்பன் எம்பிஐ தூங்காது. "வந்ததா, வந்ததா" என்று நெட்வொர்க்கை ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க நடந்தது அந்த விசாரணைதான்.

அனுப்புவதையும் வாங்குவதையும் ஒன்றாகச் செய்யும் 'சென்ட்ரெசீவ்' கட்டளையை மாற்றிப் போட்டதும் ஓடியது. மேடம் விடவில்லை. "பழைய நிரல்களில் சென்ட் இருக்கும் இடமெல்லாம் 'எஸ்சென்ட்' போட்டு ஓட்டிப் பாருங்கள்" என்றார். எதிர்முனை வாங்கத் தொடங்காமல் அது முடியவே முடியாது. செய்தி எவ்வளவு சிறிதானாலும் சரி. சிறிய செய்திகளில் மறைந்துகிடக்கும் இதே தவறு அப்போது வெளியே வந்துவிடும்.

அதுவரை நான் எழுதியிருந்தவை மூன்று. இரண்டு அங்கேயே நின்றுவிட்டன.