கலண்டருக்குப் பின்னால்

ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் பதினொரு வருடமாகக் கடன் பிரிவில் இருக்கிறேன். காணி உறுதியை ஈடு வைத்துக் கடன் கேட்பவர்களின் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். தோட்டத்து ஆட்கள் அநேகமாக வரமாட்டார்கள். லயத்து அறைக்கு உறுதி ஏது? வருவது கடைக்காரர்கள், வேன் ஓட்டுபவர்கள், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் ஒரு துண்டு காணி வாங்கியவர்கள்.

2023 தொடக்கத்தில் கொழும்புத் தரகர் ஒருவர் ஒரு பங்கைச் சொன்னார். அதுவும் ஒரு நிதி நிறுவனம்தான், எங்களுடையதல்ல. "அண்ணே, தேறிய சொத்துப் பெறுமதி பங்குக்கு 40 ரூபா. சந்தையில 18. பாதி விலைகூட இல்ல!" கையில் போனஸ் இருந்தது. ஆசை வராமல் இருக்குமா?

இரவு ஆண்டறிக்கையைத் திறந்தேன். சொத்து 100 ரூபா என்றால் 85 வைப்பாளர்களுக்கும் வங்கிகளுக்கும் கொடுக்க வேண்டியது. பங்குதாரருக்கு மிஞ்சுவது 15. தரகர் சொன்ன 40 ரூபா இந்த மிச்சத்தைப் பங்குகளுக்குப் பிரித்தால் வருவது. அந்தப் பதினைந்தைச் சந்தை ஏழுக்கும் குறைவாக மதிக்கிறது. அப்படியென்றால் கொடுத்த கடனில் எட்டு ரூபாவாவது திரும்பி வராது என்று நினைக்கிறது. சொத்தில் பெரும்பகுதி காணி ஈட்டுக் கடன்.

அப்போதுதான் டிக்கோயா பக்கத்து வீடு நினைவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த வருடக் கடைசியில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தவணை 90 நாள் தாண்டிவிட்டது, பார்க்கப் போனேன். பள்ளத்தை ஒட்டிய வீடு. முன்னறையில் நகைக்கடைக் கலண்டர் ஒன்று சுவரோடு ஒட்டாமல் விலகித் தொங்கியது. கீழ் ஓரத்தைத் தூக்கினேன். விரல் நுழையும் விரிசல். வீட்டுக்காரர் தேநீரை நீட்டியபடியே சொன்னார்: "தம்பி, இத எழுதிப் போடாதீங்க."

கோப்பில் இருந்த மதிப்பீட்டுப் படம் வீதியில் நின்று எடுத்தது; வீடு அழகாகத்தான் இருந்தது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று கடிதம் கொடுத்தால் அந்தக் காணியின் விலை அன்றோடு சரி. ஏலம் போட்டாலும் ஊரில் தெரிந்த முகத்தின் வீட்டைக் கேட்க யார் வருவார்? இவ்வளவும் தெரிந்தும் விரிசலைக் குறிப்பில் ஒரு வரி எழுதினேனே தவிர, பெறுமதிப் பெட்டியில் பழைய தொகையையே விட்டேன்.

தரகர் சொன்ன 40 ரூபாவுக்குள் என்னைப் போல எத்தனை பேர் விட்ட தொகைகள் இருக்கும்?

அமெரிக்காவில் பெயார் ஸ்டேர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கி வீட்டுக் கடன் பத்திரங்களில் மாட்டிக்கொண்டபோது, 2008 மார்ச்சில் வெள்ளிக்கிழமை 30 டொலரில் முடிந்த பங்கை ஞாயிற்றுக்கிழமை 2 டொலருக்கு விற்கப் பேசினார்கள். பிறகு 10 ஆக்கினார்கள். அதன் தேறிய சொத்துப் பெறுமதியும் காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

தரகருக்கு வேண்டாம் என்றேன். பங்கு பின்னால் 26க்குப் போனது. அதை எடுத்துச் சொல்ல அவர் மறக்கவில்லை. எட்டு ரூபா போச்சே என்று எனக்கும் இரண்டு நாள் வயிறு எரிந்தது.

போன மாதம் டிக்கோயாக் கோப்பு மறு மதிப்பீட்டுக்கு வந்தது. மறுபடி போய்ப் பார்த்தேன். கலண்டர் மட்டும் புதுசு.