நம்வாலாவில் மாட்டு வைத்தியம்

"எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள் டாக்டர்." ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில், நம்வாலா என்ற ஊரில் கால்நடை மருத்துவராக இருந்த எனக்கு, அங்கத்திய இலா இனத்தைச் சேர்ந்த உதவியாளர் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். முன்பின் தெரியாதவரிடம் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது போல அது. கேட்டாலும் நேரான பதில் வராது. ஒருவர் பட்டியில் நிற்கும் மாடுகளில் பல அவருடைய மாமாவுக்கோ நண்பருக்கோ சொந்தமாக இருக்கும். அவருடையவை நாலு ஊர் தள்ளி வேறொருவர் பொறுப்பில் மேயும். பார்த்துக்கொள்கிறவருக்குப் பால் உண்டு, உழவுக்கு மாடு உண்டு. ஒரு பட்டியில் நோய் வந்தாலும் மொத்தமும் போய்விடாது. காப்பீட்டு நிறுவனம் எதுவும் இல்லாமலே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. எனக்குத்தான் தலைவலி: ஊசி போட ஒரு கன்றைப் பிடித்தால் அனுமதி தர வேண்டியவர் அங்கே இருக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் ஒப்பந்த வேலையாக ஜாம்பியா போனேன். தென் மாகாணத்தில் கஃபுவே ஆற்றங்கரையில் இருக்கிறது நம்வாலா. சோமா நகரிலிருந்து போகும் சாலை அன்று இருந்த நிலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஊர் மட்டும் பேரழகு. மழைக்காலத்தில் ஆறு பெருகி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமவெளியில் பரவும். வடிய வடியப் புல் முளைக்கும். புல்லைத் தொடர்ந்து மாடுகள் இறங்கும். இளைஞர்கள் அங்கேயே மாதக்கணக்கில் கிடை போட்டுத் தங்கி, கூழும் புளித்த பாலுமாகக் காலம் தள்ளுவார்கள். கஃபுவே லெச்வே என்ற மான் இந்தச் சமவெளியைத் தவிர வேறெங்கும் இல்லை. அந்த மான்களிடம் காசநோய் உண்டு. மாடும் மானும் ஒரே புல்லைத் தின்றால் என்ன ஆகும் என்று யோசிப்பது எங்கள் வேலை. எழுபதுகளில் மேலே இட்டெஷி-டெஷியிலும் கீழே கஃபுவே பள்ளத்தாக்கிலும் மின்சாரத்துக்காக அணைகள் வந்தபின் வெள்ளம் பழைய கணக்கில் வருவதில்லை என்று முதியவர்கள் புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் இருந்தது.

அங்கே பெரிய எதிரி உண்ணி. அது பரப்பும் தைலேரியா நோய் வந்தால் கழுத்தில் நெறி கட்டி வீங்கி, காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகக் கன்றுகள் செத்துப்போகும். தடுப்பு முறை கொஞ்சம் துணிச்சலானது. நோயை உண்டாக்கும் உயிருள்ள ஒட்டுண்ணிக் கிருமியையே ஊசியில் செலுத்தி, கூடவே டெட்ராசைக்ளின் மருந்தும் போட்டு நோயை அடக்கிவிட வேண்டும். எதிர்ப்புசக்தி தானாக வரும். தென் மாகாணத்தில் இதற்குப் பயன்பட்ட ஒட்டுண்ணி வகைக்குச் சிட்டோங்கோ என்று பெயர். அது நம்வாலா மாவட்டத்து ஊர்தான். திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் மருந்தை வெளியே எடுத்து உருக்கிவிட்டால் சில மணி நேரம்தான். அதற்குள் கன்றுகள் ஓரிடத்தில் கூடியாக வேண்டும்.

கூட்டுவது யார்? அரசு அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரசங்கியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செவ்வாய்க்கிழமை காலை பட்டி நிறைந்துவிடும். எங்கள் துறையின் உண்மையான கிளை அலுவலகம் தேவாலயம்தான் என்று நானும் உதவியாளரும் சிரித்துக்கொள்வோம்.

அந்தத் தேவாலயத்துக்கு அங்கே பழைய வேர். 1886இல் ஐரோப்பியப் பயணி எமில் ஹோலுப் இந்தப் பக்கம் வந்து, தாக்கப்பட்டு, உடைமைகளை இழந்து திரும்பினார். 1893இல் பிரிமிட்டிவ் மெதடிஸ்டு மிஷனரிகள் வந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் வழியில் பின்னால் வந்த எட்வின் ஸ்மித், ஊர் மொழியைக் கற்று இலக்கணம் எழுதினார். 1915இல் இலா மொழியில் புதிய ஏற்பாடும் அச்சாகி வந்தது. இவர்களுடைய சபைகள் 1965இல் ஜாம்பியா ஐக்கிய சபையில் சேர்ந்தன. விடுதலைப் போராட்டத் தலைவர் ஹாரி நிகும்புலாவும் இதே மாவட்டத்து மாலா பகுதியில் பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவர்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை சாவு வீடுகள். பெரிய மனிதர் இறந்தால் உறவினர்கள் மாடு ஓட்டி வருவார்கள். பல மாடுகள் வெட்டப்படும். வீண் செலவு என்று அதிகாரிகள் அறிக்கை எழுதுவார்கள். நானும் அப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மாட்டை இழப்பது அந்த வீட்டுக்கு எவ்வளவு வலி என்று அறிந்தவனுக்கு, அதை மனதார அறுத்துக் கொடுப்பதில் இருக்கும் துக்கம் புரியும். இரவெல்லாம் மெதடிஸ்டுப் பாட்டுகள், நடுவே பறை, காலையில் இறைச்சி. ஒன்றுக்கொன்று முரண் என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அப்படி ஓர் இரவில் பிரசங்கியார், பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்படும் யோபுவின் கதையை வாசித்துவிட்டு, தம் ஊர்க் கதையையும் சொன்னார். எட்வின் ஸ்மித்தும் டேல் என்பவரும் இலா மக்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட நூலிலும் அது இருக்கிறது. ஒரு கிழவிக்கு எல்லாரும் செத்துப்போகிறார்கள்: பெற்றோர், கணவன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எல்லாரையும் கொண்டுபோன கடவுளான லெசாவைப் பார்த்து ஏன் என்று கேட்டுவிட வேண்டும் என்று கிளம்புகிறாள். மரங்களை அடுக்கி வானத்துக்கு ஏறப் பார்க்கிறாள். அடிமரம் உளுத்துச் சரிகிறது. வானம் பூமியைத் தொடும் இடம் தேடி நாடு நாடாக நடக்கிறாள். போகிற இடமெல்லாம், இது உனக்கு மட்டுமா, எல்லார் முதுகிலும்தானே அவன் உட்கார்ந்திருக்கிறான் என்கிறார்கள். பதில் கிடைக்காமலே சாகிறாள். யோபுவுக்காவது கடவுள் பேசினார். பிரசங்கியார் அந்த வித்தியாசத்தை மூடி மறைக்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு நேர்மையானது குறைவு.

மாலாவில் ஆண்டுதோறும் ஷிமுனேங்கா விழா. முன்னோரான ஷிமுனேங்காவின் பெயரில் மாடுகளைக் கஃபுவே ஆற்றைக் கடக்க வைத்து ஓட்டுவார்கள். ஆண்கள் ஈட்டியோடு பொய்ச்சண்டை போடுவார்கள். மந்தைகள் கலப்பதால் எனக்கு அடிவயிறு கலங்கும், ஆனாலும் காளைகளைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சில சபைக்காரர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். நம் பிரசங்கியார் வருவார். அந்த ஞாயிறு ஆராதனை மட்டும் தாமதமாகத்தான் தொடங்கும். அவருடைய மாடுகளும் கரையேற வேண்டுமே.