கடலுக்குப் போகிறவரின் ஆண்டு வருமானம்: மகாபொலவுக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனத்துக்கு

தம்பிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது, இலங்கையில் பல்கலைக்கழக மாணவருக்குத் தரும் மகாபொல புலமைப்பரிசில் படிவத்தையும் நிரப்பிவிட்டோம். எங்களை அலைக்கழித்தது வருமானச் சான்றிதழ்தான்.

மகாபொலவுக்கு இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையில் கிடைக்கும் தரப்புள்ளி) மட்டும் போதாது; பெற்றோரின் ஆண்டு வருமானமும் எல்லைக்குள் இருக்கவேண்டும். அரச உத்தியோகத்தர் சம்பளப் பட்டியலை நீட்டிவிடலாம். கடலுக்குப் போகிறவர் எதை நீட்டுவது? "மாதம் எவ்வளவு உழைப்பீர்கள்?" என்று சான்றிதழ் எழுதும் கிராம உத்தியோகத்தர் கேட்டார். நல்ல மீன்பாடு இருந்த நேரம். அப்பா போன மாதக் கணக்கை மறைக்காமல் சொன்னார். உத்தியோகத்தர் அதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டார். காகிதத்தில் நாங்கள் ஒரே நாளில் வசதிக்காரர்!

திருகோணமலையில் இருந்துகொண்டு வாடைக்காலத்தை மறக்க எப்படித்தான் முடிந்ததோ. மார்கழியில் கடல் குமுறினால் வள்ளம் நாட்கணக்கில் கரையில் கிடக்கும். போகிற நாளிலும் விற்ற காசு முழுவதும் வீடு வராது. மண்ணெண்ணெய், ஐஸ் செலவு கழிந்து, வள்ளக்காரரின் பங்கும் கூடப் போனவர்களின் பங்கும் போய், மிச்சம்தான் அப்பாவுக்கு. இதைச் சொன்னபோது, "எழுதியாகிவிட்டது தங்கச்சி" என்றார் உத்தியோகத்தர்; தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பிரதேச செயலகத்திலோ, அவர் மாற்றித் தந்தால்தான் மேலொப்பம் (உறுதிப்படுத்தும் கையொப்பம்) என்றார்கள். பஸ் காசும் அப்பாவின் ஒருநாள் தொழிலும் வீண்.

வழி காட்டியவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர். அப்பாவுக்குச் சொந்த வள்ளம் இல்லை, பங்குக்குத்தான் போகிறார், இன்னின்ன மாதங்களில் தொழில் குறைவு என்று கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். அதைக் கண்டதும் அதே உத்தியோகத்தர் மறுபேச்சில்லாமல் புதிதாக எழுதினார். நாங்கள் வாயால் சொன்னதும் அதேதான் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஆகவே, கடலோ வயலோ கூலியோ, கேட்கும்போது ஒரு மாதத் தொகையைச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி, செலவையும் பங்கையும் தனியே காட்டி, சங்கக் கடிதத்தோடு போங்கள். கிராம உத்தியோகத்தர் வெளிவேலைக்குப் போகும் நாட்களும் உண்டு, விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மேலொப்பத்துக்குக் கொடுக்குமுன் தொகை இலக்கத்திலும் எழுத்திலும் ஒன்றா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அதற்காகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

சான்றிதழின் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள். மகாபொல தவறினால் பேர்சரி என்ற இன்னொரு மாணவர் உதவிப்பணம் இருக்கிறது, அதற்கும் வருமானம் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தம்பியின் படிவம் முடிவுத் திகதிக்கு முன் போய்விட்டது. தெரிவானவர்களின் பட்டியல் இன்னும் வரவில்லை.