நீங்கள் முதலில் போங்கள்

என் நண்பர் ஒருவர் மகா மரியாதைக்காரர். லிஃப்ட் வந்தால் மற்றவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் படியேறி வருவார். அப்படிப்பட்டவரிடம் பாய்மரப்படகின் சுக்கானைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் படகில் உட்கார்ந்தே பார்த்தேன்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் படகு குறுக்கே வந்தது. பார்க்கும் கோணம் மாறாமல், உருவம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அப்படியென்றால் மோதல் நிச்சயம். இதற்கு 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் பதில் இருக்கிறது: எஞ்சினில் வருபவர் பாயில் வருபவருக்கு விலக வேண்டும். பாயில் வருபவரும் சும்மா இருந்துவிட முடியாது. போகும் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போவது அவருடைய கடமை. அப்போதுதான் மற்றவர் கணக்குப் போட்டு ஒதுங்க முடியும்.

மோட்டார் படகுக்காரர் விதி தெரிந்தவர். சுருக்கமாக ஒருமுறை ஊதி, வலப்பக்கம் திரும்பி, எங்களுக்குப் பின்னால் போகப் பார்த்தார். நண்பரோ அந்த ஊதலை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார். "பாவம், குழந்தைகளோடு வருகிறார்கள்" என்று கையசைத்தபடியே இடப்பக்கம் திருப்பி, அவருக்குப் பின்னால் போகப் பார்த்தார். இரண்டு படகுகளும் மூக்குக்கு நேர் மூக்காக நின்றன.

போதாக்குறைக்கு, திரும்பிய வேகத்தில் காற்றுக்கு நேராக முகம் காட்டிவிட்டோம். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு இருந்த இடத்திலேயே ஆடியது. எதிரிலிருந்து அடுத்தடுத்து ஐந்து ஊதல்கள். 'நீ என்ன செய்யப் போகிறாய் என்று புரியவில்லை' என்பதுதான் சட்டப்படி அதன் பொருள். திட்டுவதற்கு இவ்வளவு கண்ணியமான வழியை எழுதிவைத்த புண்ணியவான் யாரோ! பிறகு மூன்று ஊதல்கள். அவருடைய எஞ்சின் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அந்தப் படகின் முன்நுனியில் உட்கார்ந்திருந்த பையன், கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பரின் மனைவி விதிப்புத்தகத்தைப் பிரித்து 18ஆம் விதியை உரக்க வாசித்தார். நண்பர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். "எஞ்சின் என்றால் நான் அசையவே கூடாது. அவ்வளவுதானே?"

சற்று நேரத்தில், குறுகலான கால்வாய்க்குள் ஒரு சரக்குக் கப்பல் நுழைந்தது. ஆழமான நடுவழியை விட்டால் தரைதட்டிவிடும் கப்பல். அதன் வழியில் பாய்மரப்படகு இடைஞ்சலாக நிற்கக் கூடாது என்பது 9ஆம் விதி. அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் வாசிக்கவில்லை.

"எஞ்சின்தானே, அவர் விலகுவார்" என்று நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி புத்தகத்தைப் போட்டுவிட்டுச் சுக்கானைப் பிடுங்கிக்கொண்டார்.