கே-ராஸ்: அணைய மறுக்கும் ஸ்விட்ச்

பரவிய பெருங்குடல் புற்றுநோயில், பயாப்சி ரிப்போர்ட்டில் 'கே-ராஸ் ஜி12டி' (கே-ராஸ் மரபணுவில் வரும் ஒரு பிழை) என்று இருந்தால், செல்லின் வளர்ச்சி சிக்னலைத் தடுக்கும் செடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுப்பதில்லை. ஏன் என்பதற்கான பதில் ஒரே ஓர் அமினோ அமிலத்தில் இருக்கிறது.

செல்லின் சவ்வில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும், சவ்வின் உட்புறத்திலுள்ள ராஸ் புரதம் (கே-ராஸ் இதில் ஒரு வகை) விழிக்கிறது. அடுத்தடுத்த புரதங்கள் சங்கிலிபோலத் தூண்டப்படும். ராஸ் ராஃபைத் தூண்டும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், செல் பிரிவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும்.

ராஸின் குழியில் குவனோசின் டைபாஸ்பேட் இருந்தால் அது அணைந்திருக்கும். மூன்று பாஸ்பேட் கொண்ட ட்ரைபாஸ்பேட் வந்து உட்கார்ந்தால் எரியும். மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டினால்தான் மறுபடி அணையும். தானாக வெட்டிக்கொள்ள ராஸுக்கு நெடுநேரம் பிடிக்கும். 'கேப்' என்ற துணைப்புரதம் தன் ஆர்ஜினின் ஒன்றை விரல்போல உள்ளே நீட்டி, அந்த வெட்டைச் சுமார் 1,00,000 மடங்கு வேகப்படுத்துகிறது.

விரல் நுழையும் அந்த இடுக்கில், 12ஆம் இடத்தில், இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அதுதான். பக்கச் சங்கிலி என்று இருப்பது ஒற்றை ஹைட்ரஜன். மரபணுவில் அந்த இடத்துக்கான ஜிஜிடி என்ற மூன்றெழுத்து ஜிஏடி ஆகிவிட்டால், அங்கே அஸ்பார்டிக் அமிலம் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வெட்டு நடக்காது. ஏற்பியை மேலே செடுக்ஸிமாப் அடைத்தாலும் கீழே சிக்னல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே மருந்துக்கு முன்பே கே-ராஸ், என்-ராஸ் இரண்டிலும் 2, 3, 4ஆம் எக்ஸான்களை (மரபணுவின் துண்டுகளை) பார்க்க வேண்டும். 2ஐ மட்டும் பார்த்தால் 61, 146ஆம் இடத்துப் பிழைகள் தப்பிவிடும். மாதிரித் திசுவில் புற்றுச் செல்கள் குறைவாக இருந்தாலும், பிழை இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

ஜி12சி என்ற பிழை மட்டும் கொஞ்சம் வேறு. இதில் 12ஆம் இடத்துக்கு வருவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். இந்த ராஸ் மெதுவாகவேனும் தானே வெட்டிக்கொண்டு அவ்வப்போது அணையும். அந்த நேரம் பார்த்து, சிஸ்டீனின் கந்தகத்தில் சோடோராசிப் என்ற மருந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. பெருங்குடலில் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு. எர்க் சாதாரணமாக மேலே உள்ள ஏற்பியை அடக்கியும் வைக்கிறது. மருந்தால் எர்க் அடங்கியதும் அந்தப் பிடி விட்டுப்போய், ஈ.ஜி.எஃப்.ஆர் மறுபடி சிக்னலை ஏற்றுகிறது. அதனால் அங்கே ஏற்பியை அடைக்கும் பானிடுமுமாப் ஊசியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.