வெண்கோலிலிருந்து கறுப்பிக்கு

"நாய்க்கு சிக்னல் எப்படிப் புரிகிறது?" என்று கேட்காதவர்கள் குறைவு. புரியாது. விளக்கு சிவப்பா பச்சையா என்பது, பார்வையில்லாத எனக்கு வழிகாட்டும் நாய் கறுப்பிக்குத் தெரியாது. என் ஆபீஸ் எந்தத் தெருவில் என்பதும் தெரியாது. வழி என் தலைக்குள் இருக்க வேண்டும். பக்கத்துச் சாலையில் வண்டிகள் கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, "ஃபார்வர்ட்" என்று நான்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னதைக் கேட்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது அவள் வேலை. இது என் மண்டையில் ஏற மூன்று வாரத்துக்கும் மேல் ஆனது.

எனக்கு விழித்திரை நோய். பள்ளிக்கூட நாட்களில் மாலைக்கண்ணாக ஆரம்பித்து, நாற்பதை நெருங்கும்போது வெளிச்சம், இருட்டு என்ற இரண்டு மட்டும் மிஞ்சின. நியூ ஜெர்சியின் எடிசனில் வேலை. ஒன்பது ஆண்டுகள் வெண்கோலோடு நன்றாகத்தான் நடந்தேன். கோல் தரையைச் சொல்லும், தலைக்கு நேரே இருப்பதைச் சொல்லாது. நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு லாரிக் கண்ணாடி நெற்றியில் மூன்று தையல் போடவைத்தது. அன்று இரவே விண்ணப்பத்தை எடுத்தேன்.

மோரிஸ்டவுனில் இருக்கும் 'தி சீயிங் ஐ' பள்ளிதான் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி. 1929-ல் நாஷ்வில்லில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டது. 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர், சுவிட்சர்லாந்தில் பழக்கிய 'பட்டி' என்ற நாயோடு வந்து, நியூயார்க்கில் நிருபர்கள் பார்க்க அபாயகரமான வெஸ்ட் தெருவைக் கடந்து காட்டினார். முதல் முறை நாய் பெற வரும் மாணவர் கட்ட வேண்டியது 150 டாலர். தங்குவதும் சாப்பாடும் அதிலேயே அடக்கம். மீதியை நன்கொடை பார்த்துக்கொள்கிறது.

படிவங்கள், கண் மருத்துவர் அறிக்கை எல்லாம் வழக்கமான தலைவலிகள்தான். எதிர்பாராதது வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் செய்தது. முதலில் கோலோடு என்னை நடக்கச் சொல்லி, துணையில்லாமல் வழி கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்தார். வழி தெரியாதவனுக்கு நாய் கொடுத்தால் இருவரும் சேர்ந்து தொலைவார்கள் அல்லவா? அடுத்து நாய்க்குப் போடும் வாரின் முன்பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை என்னிடம் தந்தார். இதற்கு 'ஜூனோ நடை' என்று பெயர். அவர்தான் ஜூனோ என்ற நாய். ஆறடி மனிதரை "ஜூனோ, ஃபார்வர்ட்!" என்று அதட்டி, நல்ல பெண் என்று கொஞ்சிக்கொண்டு தெருவில் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. என் நடை வேகமும், எவ்வளவு இழுப்பு எனக்குச் சரிப்படும் என்பதும் அவருக்கு அதில்தான் பிடிபட்டன. நாயைப் பொருத்துவது அந்தக் கணக்கில்தான்.

2018 வசந்தத்தில் அழைத்தார்கள். அவள் ஒரு கறுப்பு லாப்ரடார், இரண்டு வயது, இருபத்தைந்து கிலோ. ஒரு குடும்பம் குட்டியிலிருந்து ஓராண்டுக்கு மேல் வளர்த்துத் திருப்பித் தந்திருந்தது. அதன்பின் நான்கு மாதம் பயிற்சி. பயிற்சியாளரே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து அவளைச் சோதித்திருக்கிறார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தெருவில் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் கவனம் கலையும். அம்மா வைத்த பெயர் கறுப்பி, அதுவே இருக்கட்டும்.

முதல் இரவு, பள்ளியில் நான் தங்கிய அறையில், என் கட்டிலோரம் கட்டிப்போட்டிருந்தவள் விடிய விடிய முனகினாள். பயிற்சியாளரின் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டால் வால் தரையில் படபடவென்று அடிக்கும். நான் கூப்பிட்டால் ஒரு பெருமூச்சு. அந்த மனிதர் மேல் எனக்கு வந்தது பொறாமைதான், வேறென்ன? என் ஆங்கிலப் பாராட்டு மின்னஞ்சல் போல இருப்பதாக அவர் சொன்னார். "உங்கள் மொழியில் சொல்லிப் பாருங்கள், அவளுக்குக் குரல்தான் முக்கியம்." மறுநாள் ஒரு படிக்கட்டின் முன் சரியாக நின்றபோது, "என் தங்கமே! என் சமர்த்தே!" என்றேன். உடம்பு முழுக்க ஆடியது. கைப்பிடி வழியாக என் தோள் வரை வந்தது அந்த ஆட்டம்.

கோலைப் பழகியவனுக்குப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கோல் எதிலாவது முட்டும். முட்டுவதுதான் எனக்கு முகவரி. தபால் பெட்டியில் 'டங்', பஸ் நிறுத்தக் கம்பத்தில் 'டிக்'. நாயோ எதிலும் முட்டாமல் வளைத்துக்கொண்டு போய்விடுகிறாள். முதல் வாரம் முழுக்க ஊரையே அழித்துவிட்டது போல் இருந்தது. காற்று, வெயில், காபிக் கடை வாசனை, காலடியில் தரையின் சரிவு என்று எல்லாவற்றையும் புதிதாக எண்ணிப் பழக வேண்டியிருந்தது.

இரண்டாம் வாரம் ஒரு வீட்டு வாசல் வழியைக் கடக்கும்போது சட்டென்று நின்றாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. "ஃபார்வர்ட்." அசையவில்லை. சலித்துக்கொண்டு ஒரு அடி வைத்தேன். என் முழங்காலுக்குக் குறுக்கே உடம்பை வைத்து அடைத்தாள். அடுத்த நொடி முழங்காலில் காற்று வீசியது. பின்னோக்கி வந்த ஹைபிரிட் கார், சத்தமில்லாமல். பள்ளியின் கார்தான், இதற்காகவே ஓட்டுகிறார்கள். பயிற்சிதான் என்று தெரிந்த பிறகும் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. நான் தப்பாகச் சொன்னால் கேட்காமல் இருக்கவும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை.

வீடு திரும்பிய பிறகு நடந்தவை தனிக் கதை. நம்மூர்ச் சாப்பாடு போடும் ஓர் உணவகம் வாசலிலேயே நிறுத்தியது. 1990-ம் ஆண்டு அமெரிக்க ஊனமுற்றோர் சட்டப்படி அவர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் பணி நாயா, என்ன வேலைக்குப் பழகியது? இரண்டுக்கும் பதில் சொன்னேன். "சார், வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள்" என்றார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை போலும்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்தபோது, "நாய் வீட்டுக்குள்ளேயா? பூஜை அறை என்னாவது?" என்றுதான் ஆரம்பித்தார். ஒரு மாதத்தில், நான் குளிக்கும் நேரம் பார்த்து இட்லி ஊட்ட ஆரம்பித்துவிட்டார். மனிதர் தட்டிலிருந்து எதுவும் தரக்கூடாது என்பது பள்ளியின் கண்டிப்பான விதி. குட்டு ஆபீசில் உடைந்தது: "ஃபார்வர்ட்" என்றால் என்னை நேராகக் குப்பைத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். அம்மாவிடம் கேட்டேன். "பாதி இட்லிதான்டா" என்றார். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது.

பழைய 'டிக்' மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பள்ளியில் சொல்லித்தந்தபடி, பஸ் நிறுத்தக் கம்பத்தை நான் தட்டிக் காட்ட, அவள் மூக்கு வைத்ததும் ஒரு தீனி. நான்கைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். கை நீட்டினால் கீழே அவள் மூக்கு, மேலே குளிர்ந்த இரும்பு.

போன மாதம் சாலை வேலைக்காக அந்தக் கம்பத்தை இருபது அடி தள்ளி நட்டுவிட்டார்கள். கறுப்பி இன்னும் பழைய இடத்தில்தான் போய் நிற்கிறாள். பஸ் ஓட்டுநர் இப்போது எங்களுக்காக அங்கேயே நிறுத்துகிறார்.