ரோலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர்: முகத்தைவிட உள்ளம் புதிது

2025 ஏப்ரலில் ஜெனீவா கடிகாரக் கண்காட்சியில் ரோலெக்ஸ் அறிமுகப்படுத்திய லேண்ட்-டுவெல்லர், 1970களின் குவார்ட்ஸ் மாடல்களை நினைவூட்டும் தட்டையான உலோகப் பட்டையாலும், தேன்கூட்டைப் போல அறுகோணங்கள் பதித்த டயலாலும், முதல் பார்வையில் பழைய வடிவத்தின் மறுபதிப்பாகவே தோன்றுகிறது. அந்த டயல், என் கண்ணுக்குச் சற்றே மிகை.

உள்ளே இருக்கும் 7135 இயந்திரமோ வேறு ரகம். முறுக்கிய விசையைச் சிறிது சிறிதாக விடுவித்து ஓட்டத்தைச் சீராக்கும் உறுப்பான எஸ்கேப்மென்ட்டில், வழக்கமான சுவிஸ் லீவர் வகையைக் கைவிட்டு, சிலிக்கானால் ஆன இரு பற்சக்கரங்கள் மாறி மாறி விசையைக் கடத்தும் டைனாபல்ஸ் அமைப்பைப் பொருத்தியிருப்பதால், மணிக்கு 36,000 அதிர்வுகள் என்ற, விசையை அதிகம் செலவழிக்கும் உயர் வேகத்திலும், முழுமையாக முறுக்கிய கடிகாரம் ஏறத்தாழ 66 மணி நேரம் ஓடுகிறது. ரோலெக்ஸில் அரிதாகவே காணக்கூடிய கண்ணாடிப் பின்மூடி இருந்தும் தடிமன் 9.7 மி.மீ. மட்டுமே, சட்டைக் கைக்குள் எளிதாக நுழையும். 36, 40 மி.மீ. அளவுகளில் சிறியதே என் தேர்வு.